வலிக்காத கால்

ரிஷிகேஷ்,
9 பிப்ரவரி 1993

அன்புள்ள தீதிக்கு,

இவ்வளவு இரவில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. குழந்தை இலா இப்போதுதான் தூங்கினாள். இவர் விடியலில் முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் கொடுக்கப் போக வேண்டும் என்பதால் விளக்குக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அத்தானுக்கு இருமல் குறைந்ததா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பௌரியில் பனி விழுந்ததாக பஸ்காரர்கள் சொன்னார்கள்.

இங்கே நாங்கள் சுகம். இலாவுக்கு எட்டு மாதம் ஆகிறது. தும்மினால் சளியோ என்று பயம், தும்மாவிட்டால் மூச்சு அடைத்துவிட்டதோ என்று பயம். தூக்கம் வராத இந்தப் பயத்துக்குத்தான் மாதாஜியின் யோக வகுப்பில் சேர்ந்தேன். ஆற்றோர தர்மசாலை மாடியில் பன்னிரண்டு பெண்கள். ஆசனமெல்லாம் முடிந்ததும் வட்டமாக நின்று கை கோத்து, எல்லா உயிரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். பிறகு பொழுது சாய்வதற்குள் ஆளுக்கு ஒரு நல்ல காரியம் செய்து, மறுநாள் வட்டத்தில் சொல்ல வேண்டும். "விரிப்போட சேத்து எல்லாத்தையும் சுருட்டி வச்சிட்டுப் போனா அது யோகம் இல்லடி, வெறும் தேகப்பயிற்சி" என்பார் மாதாஜி. அல்வாக்கடை நிர்மலா நேற்று, "மாமியார் கூட ஒருநாள் பூரா சண்டை போடல" என்றாள். "அது நல்ல காரியம் இல்லடி, அதிசயம்" என்றார் மாதாஜி.

என் காரியம் கேள். பாலத்துக்கு அப்பால் தொழுநோயாளர் குடியிருப்பு இருக்கிறதல்லவா? நாங்கள் உட்காரும் விரிப்புகளை நெய்து கொண்டுவருபவள் அங்கேயிருந்து வரும் துலாரி. நோய் குணமாகிப் பத்து வருடம் ஆகிறது. ஆனால் இடது கை விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. தினமும் படிக்கட்டில் நின்று எங்கள் பிரார்த்தனையைக் கேட்பாள். இன்று நான் எழுந்து போய், "உள்ள வாங்க" என்றேன். மாதாஜிக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று, சிரிக்காதே. பத்மாசனத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறேன். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் காலை உதறுகிறார்கள். எனக்கு இடது காலில் மரமரப்பு கூட இல்லை. பூர்வ ஜன்மப் பலன் என்கிறார் மாதாஜி.

உன் வினீதா

பௌரி,
22 பிப்ரவரி

என் வினீதா,

கடிதம் கிடைத்தது. அத்தான் இருமலும் என் முழங்காலும் ஒன்றுக்கொன்று துணையாக நலமாக இருக்கின்றன. பள்ளியில் பரீட்சை நேரம், திருத்த விடைத்தாள் குவிந்து கிடக்கிறது.

ஆறு வயதில் காலில் காஞ்சொறிச் செடி பட்டதற்கு இரண்டு நாள் ஊரைக் கூட்டியவள் நீ. இப்போது காலே இல்லாத மாதிரி உட்காருகிறாளாம்! அடுத்த கோடையில் உன்னைக் குகையில் தவமிருக்கும் சாமியாராகத்தான் பார்க்க வேண்டும் போல.

துலாரியை அழைத்தது பெரிய மனசு. ஆனாலும் இலாவை அவள் தூக்க விடாதே. உனக்குக் கோபம் வரும். வரட்டும், அக்காள் என்றிருந்தால் எழுதித்தானே ஆக வேண்டும்.

உன் மாமியாரைச் சந்தையில் பார்த்தேன். மகன் திகம்பர் இளைத்துவிட்டதாக ஒரே புலம்பல். "உன் தங்கச்சி மூச்ச இழுத்து விட்டுட்டு இருந்தா அடுப்புல ரொட்டி தானா வேகுமா?" என்கிறார். நான் நாலு வார்த்தை சொல்லி அடக்கினேன். இந்தப் பௌரியில் என் பேச்சுக்கு மட்டும்தான் அவர் காது கொடுக்கிறார்.

இலாவுக்கு முத்தம்.
தேவேஷ்வரி

ரிஷிகேஷ்,
14 மார்ச்

அன்புள்ள தீதிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? ஹோலி நல்லபடியாகப் போனதா? இலா இரண்டு பல்லோடு எதையும் கடிக்கிறாள். என் கன்னத்தையும்தான்.

துலாரி இப்போது தினமும் வருகிறாள். கதவோரம் உட்காருகிறாள். முதல் நாள் வட்டம் கூடியபோது எல்லோரும் அவளுடைய வலப்பக்கமே ஒதுங்கினார்கள். இடது கை அந்தரத்தில் நின்றது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது. அது எனக்கு ஏன் ஆச்சரியமாக இருந்தது என்று தெரியவில்லை.

போன வாரம் ஒரு சம்பவம். குளிருக்காகக் கணப்புச் சட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருக்கையில் ஒரு தீய்ந்த வாடை. "யாரு வீட்டுலயோ ரொட்டி கருகுது" என்று நிர்மலா முணுமுணுத்தாள். கருகியது என் கால், தீதி. இடது பாதத்தின் ஓரம் சட்டியில் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. மாதாஜி என் காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்கோங்கடி, புலன உள்ள இழுக்கறதுன்னா இதுதான். நாப்பது வருஷமா எனக்கே வாய்க்கல." ஒவ்வொருத்தியாக வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நிர்மலா கூட! கூச்சமாகவும் இருந்தது. பொய் சொல்வானேன், பிடித்தும் இருந்தது.

துலாரி மட்டும் கும்பிடவில்லை. என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அத்தானுக்கு என் வணக்கம்.
வினீதா

பௌரி,
27 மார்ச்

வினீதா,

அவசரமாக நாலு வரி. அனைவரும் நலம். சுட்டும் வலிக்காத புண் எனக்குப் பிடிக்கவில்லை. மாதாஜி பெரியவர்தான், நான் மறுக்கவில்லை. புண்ணை டாக்டரிடம் காட்டு. காட்டினேன் என்று எழுது.

தேவேஷ்வரி

ரிஷிகேஷ்,
19 ஏப்ரல்

அன்புள்ள தீதிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க கங்கை அம்மா அருள வேண்டும். இலா தவழ்ந்து படிவரை போய்விடுகிறாள். கதவுக்குக் குறுக்கே பெட்டியை வைத்திருக்கிறேன்.

துலாரி இனி வருவதில்லை. நீ கேட்பாய் என்று நானே எழுதுகிறேன். ஒருநாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது படியில் என்னை நிறுத்தினாள். கையில் ஒரு கோழி இறகு. "பிட்டியா, கண்ண மூடிக்கோ. நான் தொடற எடத்தச் சொல்லு" என்றாள், பெற்ற மகளைக் கூப்பிடுவது போல. ஏன் என்றேன். "இது யோகம் இல்ல பிட்டியா. என் காலும் இப்படித்தான் மொதல்ல பேச்ச நிறுத்துச்சு. இப்பவே போனா மாத்திரையோட முடிஞ்சிடும். நான் கூட வர்றேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். இடுப்பில் குழந்தை. "என்ன பேசறீங்க? நான் படிச்சவ" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், இலா அவளுடைய மடங்கிய விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

மறுநாள் யாரோ விஷயத்தை மாதாஜியிடம் சொல்லிவிட்டார்கள். துலாரி ஊசியால் குத்த வந்ததாகப் பேச்சு. "அவளுக்குத் தொணைக்கு ஆள் வேணுமாம்" என்றாள் நிர்மலா. மாதாஜி கோபப்படவில்லை. "துலாரி, கொஞ்ச நாள் உன் எடத்துலயே உக்காந்து தியானம் பண்ணும்மா. மனசு இருந்தா எங்க இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார். துலாரி எழுந்து வெளியே போனாள். வாசலில் செருப்பை மாட்ட வெகு நேரம் பிடித்தது அவளுக்கு.

விரிப்புகள் நன்றாக உழைக்கின்றன. புதிதாக ஆறு சொல்லியிருந்தது, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வினீதா

பௌரி,
5 மே

வினீதா,

இங்கே சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

யாரோ சொல்லிவிட்டார்கள் என்கிறாய். படியில் நின்றது நீயும் அவளும் குழந்தையும். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இறகு எப்போது ஊசியாயிற்று?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் போனேன், போகவில்லை என்று ஒரு சொல் இல்லை. திகம்பரிடம் ஒரு துடைப்பக் குச்சியைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார். அவ்வளவுதான் நான் கேட்பது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
தேவேஷ்வரி

ரிஷிகேஷ்,
28 ஜூலை

அன்புள்ள தீதிக்கு,

நலம், நலமறிய ஆவல். தாமதத்துக்கு மழைதான் காரணம். சாலை சரிந்து தபால் எங்கேயோ நின்றது என்கிறார்கள். இலாவுக்கு ஜூன் பதினொன்றில் ஒரு வயது முடிந்தது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டேன். இங்கே தண்ணீர் கலங்கி வருகிறது, குழந்தைக்கு ஆகாது. அதனால் மகனைப் பார்க்க அத்தை வந்தபோது பௌரிக்கே அழைத்துப் போகச் சொன்னேன். இரண்டு மாதம் இருக்கட்டும். போய்ப் பார்த்துக்கொள்.

நேற்று சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

வினீதா

பௌரி,
14 ஆகஸ்ட்

வினீதா,

இலாவைப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுகிறாள். இரவில் உன்னைத் தேடி அழுகிறாளாம். மழையில் எங்கள் தண்ணீரும்தான் கலங்கி வருகிறது. எதற்காகக் குழந்தையை அனுப்பினாய்? போனில் பேசலாம் என்றால் பூத்தில் ஊரே நின்று கேட்கும். எழுத்தில் சொல். உன் அக்காளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறாய்?

தேவேஷ்வரி

ரிஷிகேஷ்,
19 செப்டம்பர்

அன்புள்ள தீதிக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாதாஜியிடம் சொன்னது நான்தான். ஊசி என்று சொன்னதும் நான்தான். இறகு என்றால் யாருக்கும் கோபம் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

துடைப்பக் குச்சியை இவரிடம் கொடுக்கவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு வைத்துப் பார்த்தேன், மே மாதமே. கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதன் பிறகு இலாவை மடியில் போடவே பயந்தேன். அதனால்தான் அனுப்பினேன். தண்ணீர் என்று எழுதியது பொய்.

இரண்டு வாரம் முன்பு மாடிப்படி முழுக்க ரத்தத் தடம். யாருக்கு என்ன ஆயிற்று என்று நானே தேடிக்கொண்டு ஏறினேன். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி என் பாதத்துக்குள் இருந்தது. கால் முன்பக்கம் தூக்க வரவில்லை, தொங்குகிறது. அன்று பாலத்தைத் தாண்டிப் போனேன்.

துலாரி தறியில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. "மகாராணிக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். "ஊசி எங்கடி இருந்துச்சு என் கையில? காட்டு. இந்தக் கையால ஊசி புடிக்க முடிஞ்சா நான் ஏன் விரிப்பு நெய்யறேன், ஜாக்கெட் தெச்சு பணக்காரி ஆயிருப்பேனே!" தறியில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அழுதேன். "அழறத அப்பறம் வச்சிக்கோ. கால நீட்டு" என்று தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். அரைமணி நேரம் கழுவியிருப்பாள், திட்டிக்கொண்டே. மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

மாத்திரை இரண்டு வருடம். இலவசமாகத் தருகிறார்கள். சாப்பிட ஆரம்பித்துவிட்டால் கொஞ்ச நாளிலேயே யாருக்கும் தொற்றாதாம். பாலை நிறுத்தியிருக்கவே வேண்டாமாம், குழந்தையைப் பிரித்திருக்கவும் வேண்டாமாம். ஆனால் இலாவின் உடம்பை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். என் காலைப் பற்றிக் கேட்டேன். "அஞ்சு மாசம் முன்னால வந்திருந்தா தூக்க வச்சிருக்கலாம்" என்றார். ஐந்து மாதம் முன்னால் என்றால் ஏப்ரல்.

வட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைய காரியம் என்று சொன்னேன். மறுநாள் வட்டம் கூடியதும் மாதாஜி, "இன்னியிலேருந்து கை கோக்க வேணாம். அவங்கவங்க நெஞ்சுக்கு நேரா கும்பிட்டாப் போதும். பலன் ஒண்ணுதான்" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என்னைப் போகச் சொல்லவே இல்லை, தீதி. நானாகத்தான் வகுப்பிலிருந்து நின்றுவிட்டேன்.

இவர் பஸ் நிலையத்தில் நண்பர் அறையில் தங்குகிறார். வேலை அதிகமாம்.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.
வினீதா

பௌரி,
8 நவம்பர்

சௌபாக்கியவதி வினீதாவுக்கு,

ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தானின் தங்கைக்கு இம்மாதம் 28ஆம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கும்பல் ஜாஸ்தி, குளிர் வேறு. நீ அலைய வேண்டாம். கேட்பவர்களிடம் திகம்பருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உன் போன கடிதத்தை அத்தான் கண்ணில் படுவதற்குள் எரித்துவிட்டேன். இனி எழுதினால் உறையை எச்சில் தொட்டு ஒட்டாமல் தண்ணீர் தொட்டு ஒட்டு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இலா நடக்கிறாள். கழுத்துக்குக் கீழே முதுகில் நாலணா அளவுக்கு ஒரு வெளிறிய திட்டு. வயிற்றுப் பூச்சி என்று உன் மாமியார் கடுகெண்ணெய் தேய்க்கிறார். சரியாகிவிடும்.

தேவேஷ்வரி

ரிஷிகேஷ்,
2 டிசம்பர்

அன்புள்ள தீதிக்கு,

கல்யாணம் குறைவில்லாமல் நடந்திருக்கும். மணமக்களுக்கு என் வாழ்த்து. நவம்பர் 12ஆம் தேதியும் 17ஆம் தேதியும் எழுதினேன். பதில் இல்லை. இந்த உறையைத் தறியில் நூலுக்குப் போடும் கஞ்சியால் ஒட்டியிருக்கிறேன். வாயருகே கொண்டுபோகவில்லை.

24ஆம் தேதி நான் பௌரிக்கு வந்தேன். அது உனக்குத் தெரியும். சந்தைத் திருப்பத்தில் என்னைப் பார்த்ததும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜவுளிக்கடைக்குள் போனாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. துலாரி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நானும் இப்படித்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தை கதவைத் திறக்கவில்லை. "கல்யாண வீட்டு ஜனங்க போய்வர்ற நேரம். பேரக் கெடுக்காத. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஏதாவது இருக்குன்னுதான் சொல்லுவான். அப்பறம் இவள யாரு கட்டுவா?" என்றார். ஒன்றரை வயதுக் குழந்தை, தீதி. இவரிடமும் கேட்டேன். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். கதவுக்கு உள்ளே இலா ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அது நிற்கும்வரை நின்றுவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன்.

இப்போது நான் காலையில் தறிக்கொட்டகையில் உட்காருகிறேன். ஏழு பேர். மாதாஜி சொல்லிக்கொடுத்ததை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பாதி ஆசனம் பாதிப் பேருக்கு வராது. "கால் வெரல் இல்லாதவளப் பாத்து கால் வெரலப் புடிங்கறியே, உனக்கே நியாயமா இருக்கா?" என்கிறாள் துலாரி. முடிந்ததும் கை கோக்கிறோம். இருக்கிற விரல்களால்தான். அவளுடைய இடது கை என் பங்கு. பிறகு, அவரவர் செய்த காரியத்தைச் சொல்கிறோம். நாளை நான் சொல்லப் போவது இந்தக் கடிதம்.

அந்தத் திட்டு ஒன்றுமில்லாமல் போகலாம். குழந்தைகளுக்கு எத்தனையோ வெளிறும். பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். நீ பள்ளிக்குப் போகும் வழியில்தான் ஆஸ்பத்திரி. உன் பேச்சை மட்டும்தான் அத்தை கேட்பார். என் பேரைச் சொல்லாதே. பூச்சி மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போ.

அதற்கும் மனசு வரவில்லை என்றால், உறைக்குள் ஒரு கோழி இறகு வைத்திருக்கிறேன். துலாரி கொடுத்தது, வெந்நீரில் கழுவிக் காயவைத்தது. பயப்படாமல் தொடலாம். இலா விழித்து விளையாடும்போது பின்னால் உட்கார்ந்து அந்தத் திட்டின் மேல் மெல்லத் தடவு. முதுகைத் தொட்டாலே நெளிந்து சிரிப்பவள் அவள். சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. சிரிக்காவிட்டால் அன்றைக்கே போ.

ஐந்து மாதத்தை நான் வீணாக்கினேன். அதில் போனது என் கால். இனி போகும் ஒவ்வொரு நாளும் அவளுடையது.

சிரித்தாளா என்று மட்டுமாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.

வினீதா